பிசியோ பில்லை யார் கட்டுவது? வாசகர் கேள்வி பதில்

போன மாதம் முட்டி வலிக்கு வீட்டிலேயே செய்யும் பயிற்சிகளைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பயிற்சியைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், பாதிக்கு மேல் காசைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். தர்மபுரியில் 20 வருடமாகப் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிற எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பத்தாவது சிட்டிங்கில் கை தூக்க ஆரம்பிக்கிறவர் பதினோராவது சிட்டிங்குக்கு வராமல் போவது வலி தீர்ந்ததால் அல்ல என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த மாதம் முழுக்கப் பணமும் சட்டமும்தான்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி: அம்மாவுக்கு 64 வயது. சேலத்தில் தனியார் மருத்துவமனையில் வலது முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது, கேஷ்லெஸ்ஸில், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரே கட்டும் முறையில், பிரச்சினை இல்லாமல் முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு 22 நாள் பிசியோ வந்து போனார், நாளுக்கு 500 ரூபாய், மொத்தம் 11,000. கிளைம் போட்டால் ‘புறநோயாளி சிகிச்சை, தர இயலாது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வாக்கர் வாங்கிய பில்லையும் தள்ளிவிட்டார்கள். ஏதாவது செய்ய முடியுமா மேடம்?

செய்ய முடியும். வாக்கரை மட்டும் மறந்துவிடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட ‘தர வேண்டியதில்லை’ பட்டியலில் 68 பொருட்கள் இருக்கின்றன. வாக்கர், முட்டிக்குப் போடும் பிரேஸ், கழுத்துப் பட்டை, இடுப்பு பெல்ட் எல்லாம் அதில்தான் வரும். தனியாகக் காசு கட்டி அதற்கான கூடுதல் கவர் எடுத்திருந்தால் ஒழியக் கிடைக்காது.

பிசியோ கதை வேறு. உங்கள் அம்மா சும்மா முதுகு வலி என்று என் கிளினிக்குக்கு நடந்து வந்திருந்தால் அது புறநோயாளி சிகிச்சை, பெரும்பாலான பாலிசிகளில் ஒரு ரூபாய் வராது. ஆனால் அவர் மருத்துவமனையில் படுத்து ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பியவர். டிஸ்சார்ஜ் ஆன பிறகு குறிப்பிட்ட நாள் வரை அந்த நோய்க்காகவே ஆகும் செலவைத் தரும் பகுதி கிட்டத்தட்ட எல்லா பாலிசியிலும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுவான பாலிசியில், சேர்வதற்கு முன் 30 நாள், வீடு திரும்பிய பின் 60 நாள். சில பாலிசிகளில் இன்னும் அதிகம். உங்கள் 22 நாளும் இதற்குள் அடங்கிவிடும்.

அப்புறம் ஏன் நிராகரித்தார்கள்? நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரி நகலைப் பார்த்தேன். மாத்திரைகள் ஆறு வரி, ‘10 நாள் கழித்து தையல் பிரிக்க வரவும்’ ஒரு வரி, அவ்வளவுதான். ‘பிசியோதெரபி தொடரவும்’ என்ற வரி இல்லை. வார்டில் வாயால் சொல்லியிருப்பார்கள், மூன்று நாள் பிசியோ வந்து நடக்க வைத்தும் இருப்பார், ஆனால் காகிதத்தில் இல்லாததைக் காப்பீட்டுக் கம்பெனிக்காரர் தானாக ஊகித்துக் காசு கொடுக்க மாட்டார். அந்த ஒரு வரிதான் உங்கள் 11,000 ரூபாய். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய், எந்தத் தேதியிலிருந்து எத்தனை வாரம் பிசியோ தேவை என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, பதிவு எண்ணோடு கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பிசியோவிடமும் மொத்தமாக ‘11,000’ என்று ஒரே பில் வாங்காமல், தேதிவாரியாக, அன்று என்ன செய்தார், முட்டி எத்தனை டிகிரி மடங்கியது என்பது வரை எழுதி வாங்குங்கள். முதல் நாள் 60 டிகிரி, கடைசி நாள் 110 என்று இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்?

இதையெல்லாம் வைத்து கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 2024 மே மாதம் ஆணையம் போட்ட விதிப்படி, கிளைம் மறுஆய்வுக் குழு பார்க்காமல் எந்த கிளைமையும் நிராகரிக்கக் கூடாது, எந்தப் பாலிசி நிபந்தனையின்படி மறுக்கிறோம் என்றும் சொல்ல வேண்டும். ‘தர இயலாது’ என்ற ஒற்றை வரி அதற்குப் போதாது, அதையே கடிதத்தில் கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும் சென்னையில் இருக்கிற காப்பீட்டு குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். முதலில் எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் ஆணையத்தின் 155255 எண்ணுக்குப் பேசுங்கள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பின்தொடர் சிகிச்சை முடிந்து 15 நாளுக்குள் பில் அனுப்ப வேண்டும் என்று ஆரோக்கிய சஞ்சீவனியில் இருக்கிறது. உங்கள் பாலிசியில் என்ன கெடு என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய தேதி கடிதத்தில் இல்லை.

அரூரிலிருந்து ஒரு வாசகர்: அப்பாவுக்கு ஆறு வாரம் முன்பு பக்கவாதம் வந்து இடது கை கால் விழுந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 5 லட்சம் வரை உண்டு என்கிறார்கள். அந்த அட்டையைக் காட்டி டவுனில் தனியார் பிசியோ சென்டரில் சிகிச்சை எடுக்கலாமா?

முடியாது. 5 லட்சம் என்பது உண்மைதான், குடும்பத்துக்கு வருடத்துக்கு அவ்வளவு. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான அட்டை அது. ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் அது செல்லும். வீட்டிலிருந்து தினமும் ஆட்டோ பிடித்துப் போய்ச் செய்யும் பிசியோவுக்கு இல்லை. பாருங்கள், தனியார் பாலிசியானாலும் அரசு அட்டையானாலும் எங்கள் தொழிலுக்குக் கணக்கு ஒன்றுதான். கட்டிலில் படுத்திருந்தால் காசு வரும், எழுந்து நடந்துவிட்டால் வராது. பக்கவாதத்தில் உண்மையான வேலையே கட்டிலை விட்டு இறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்பதை இந்தக் கணக்கைப் போட்டவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அட்டையைக் காட்டி மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுக்கும்போதே ‘பிசியோவுக்குத் தனியாகக் கட்டுங்கள்’ என்று யாராவது கேட்டால் மட்டும் கட்டாதீர்கள். அது கட்டணமில்லாச் சிகிச்சை. 1800 425 3993 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

உங்களுக்கு வழி வேறு இடத்தில் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தை பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவந்து தரும் திட்டம் என்று மட்டும்தான் பலர் நினைக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்திலேயே, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். 2024-இல் ஐ.நா. விருதும் வாங்கியது. அதில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு, காசு இல்லை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள், அல்லது மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடம் சொல்லுங்கள்.

எதிர்பார்ப்பை மட்டும் கொஞ்சம் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் என்கிற கணக்கில் வேலை பார்க்கும் பிசியோவால் உங்கள் வீட்டுக்குத் தினமும் வர முடியாது. வருகிற அன்று அப்பாவுக்குச் செய்வதைவிட உங்களுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் முக்கியம். தோளை எப்படித் தாங்கிப் பிடிப்பது, கட்டிலில் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வைப்பது, உட்கார்ந்த நிலையிலிருந்து எழும்போது எடையை விழுந்த காலில் எப்படிப் போட வைப்பது, இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், அப்படி இழுத்தால் தோள் இறங்கிவிடும். வாரத்தில் இரண்டு நாளாவது போக முடிந்தால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியோ பிரிவுக்குப் போங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனால் முதல் மூன்று மாதத்தை வீணாக்கிவிட்டால் அந்தக் காலம் திரும்ப வராது.

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் வாசகர்: கம்பெனியில் பாரம் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். ஆனால் சூப்பர்வைசர் ‘வெளியே பிசியோ பார்த்துக்கொள், பில்லை நாங்கள் கொடுத்துவிடுகிறோம், விபத்து என்று எழுத வேண்டாம்’ என்கிறார். கேட்கலாமா?

கேட்காதீர்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம் போகிறதே, அது எதற்கு? வேலையில் பட்ட காயத்துக்கு முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு, இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்கு உதவித்தொகை. விபத்துப் பதிவேட்டில் எழுதாவிட்டால் இந்த 90 சதவீதம் வெறும் சாதாரண நோய் விடுப்பு ஆகிவிடும், அதற்கு 70 தான். நாளைக்கு டிஸ்க் பிதுங்கி ஆபரேஷன் வரை போனால் சூப்பர்வைசர் வேறு கம்பெனியில் இருப்பார். அன்றே எழுதச் சொல்லுங்கள், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டுங்கள், பிசியோ தேவை என்றால் அவர்களே அனுப்புவார்கள்.

காரிமங்கலத்திலிருந்து ஓர் இளைஞர்: பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்து இரண்டு வருடம் ஆகிறது அக்கா. சொந்தமாகக் கிளினிக் போடலாம் என்று இருக்கிறேன். யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா? போர்டில் டாக்டர் என்று போடலாமா?

கடைசிக் கேள்விதான் உனக்கு முக்கியம் என்று தெரிகிறது, அதனால் அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இல் வந்து, 2018-இல் திருத்தப்பட்டு உயிர் பெற்றது. அதன்படி கிளினிக்கைப் பதிவு செய்ய மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஜே.டி. ஆபீஸ் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். இடத்தின் அளவு, கழிப்பறை, தீயணைப்பு, கழிவு மேலாண்மை எல்லாம் பார்ப்பார்கள். வாடகைக்கு இடம் பிடிப்பதற்கு முன்பே அங்கே போய்க் கேட்டுவிட்டு வா. மாடியில் லிஃப்ட் இல்லாத ரூமைப் பிடித்து அட்வான்ஸ் கொடுத்த பிறகு வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருத்தி. முட்டி நோயாளி 19 படி ஏறி வந்து ‘இங்கே ஏறினதில் வலி கூடிப்போச்சு’ என்று சொன்னார். நியாயம்தானே. டிரை நீடிலிங் (மருந்தில்லாத மெல்லிய ஊசியைத் தசையில் குத்தும் சிகிச்சை) செய்வதாக இருந்தால் 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளையும் பார்த்துக்கொள், அந்த ஊசியைக் குப்பைத்தொட்டியில் போட முடியாது.

ஜி.எஸ்.டி. பற்றிப் பயப்படாதே. நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு வரிவிலக்கு உண்டு, நம் சிட்டிங் கட்டணமும் அதில் சேரும். ஆனால் முட்டிக்கு நீ-கேப், பெல்ட், பயிற்சிக்கு இழுக்கும் ரப்பர் பட்டையான தெராபேண்ட் என்று கவுன்ட்டரில் விற்க ஆரம்பித்தால் அது வியாபாரம், அதற்கு வரி உண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவுக்கான வருடத்துக்கு 20 லட்சம் என்ற வரம்பைக் கணக்குப் பார்க்கும்போது வரிவிலக்கு பெற்ற சிட்டிங் வருமானத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். சிட்டிங்கில் 19 லட்சம், பெல்ட்டில் 2 லட்சம் என்றால் பதிவு செய்ய வேண்டியதுதான். பெல்ட்டை எதிர்த்த மெடிக்கலில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடு, தலைவலி இல்லை.

இப்போது போர்டு. 2021-இல் நாடாளுமன்றம் நம்மைப் போன்ற மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று சட்டம் போட்டு, தேசிய ஆணையம் ஒன்றை அமைத்தது. முதன்முறையாக பிசியோதெரபி என்ற தொழிலுக்கு நாடு முழுவதும் ஒரே சட்டத்தில் இடம் கிடைத்தது. 2025-இல் அந்த ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில், பெயருக்கு முன் டாக்டர், பின்னால் பி.டி. (பிசியோதெரபிஸ்ட்) என்று போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. செப்டம்பர் 9-ஆம் தேதி மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் ‘போடக் கூடாது’ என்று கடிதம் அனுப்பியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது! ஒரே நாள் ஆயுள். சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. என்னைக் கேட்டால் ‘பி.பி.டி., இயன்முறை மருத்துவர்’ என்று பெரிதாக எழுது, டாக்டர் போட்டால் பி.டி.யையும் விடாமல் போடு. நம்மிடம் வருகிறவர் ஊசி போடுகிற டாக்டர் என்று நினைத்து வரக் கூடாது. மற்றபடி காரிமங்கலத்தில் யாரும் போர்டைப் பார்த்து வருவதில்லை, ‘எங்க மாமாவுக்குச் சரியாச்சு’ என்று யாராவது சொல்லித்தான் வருவார்கள்.

தொப்பூரிலிருந்து ஒரு வாசகர்: கணவாயில் லாரி இடித்து தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்தது. முதல் இரண்டு நாள் அரசே பார்த்துக்கொண்டது. இப்போது நான்கு மாதமாக பிசியோவுக்கு நாங்களே கட்டுகிறோம். இதைத் திரும்ப வாங்க வழி உண்டா?

அந்தக் கணவாயில் அடிபட்டு யாராவது என்னிடம் வராத மாதமே இல்லை. நீங்கள் சொல்வது இன்னுயிர் காப்போம் திட்டம், 2021 டிசம்பரில் வந்தது, முதல் 48 மணி நேரத்துக்கானது. 2025 மே மாதத்திலிருந்து மத்திய அரசின் திட்டமும் இருக்கிறது, ஏழு நாளுக்குள் 1.5 லட்சம் வரை. இரண்டுமே உயிரைக் காப்பதற்கானவை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எட்டாவது நாளிலிருந்து கால் உங்களுடையது.

அந்தச் செலவுக்கு இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். ஆஸ்பத்திரி பில் மாதிரியே பிசியோ பில்லும் சிகிச்சைச் செலவுதான், இனி ஆகப்போகும் செலவையும் கேட்கலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நான்கு மாதம் போய்விட்டது, இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். என் நோயாளி ஒருவருக்காக சாட்சி சொல்லப் போனேன். அவர் எனக்கு முன்பு வேறு இடத்தில் சிகிச்சை எடுத்தவர். அங்கே கொடுத்த பில் ஒரு துண்டுச் சீட்டு, ‘பிசியோ 18,000’ என்று மட்டும் இருந்தது, தேதி இல்லை, சீல் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கையில் தூக்கிக் காட்டி ‘இது மளிகைச் சீட்டா?’ என்று கேட்டார். அந்த 18,000 போயிற்று. எனக்கே வெட்கமாக இருந்தது, அன்றிலிருந்து என் கிளினிக்கில் பில் புத்தகம் நம்பர் போட்டதுதான்.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா: என் மருமகள் அமெரிக்காவில் பிசியோவாக இருக்கிறாள். அங்கே இன்சூரன்ஸே எல்லாம் கட்டுகிறது, ஆனாலும் எப்போதும் புலம்பல்தான். அப்படி என்ன கஷ்டம்?

அம்மா, அவர் புலம்புவதில் அர்த்தம் இருக்கிறது. 65 வயது தாண்டியவர்களுக்கான மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். நோயாளியோடு நேரடியாக 8 நிமிடமாவது இருந்தால்தான் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பில்லில் ஒரு அளவுக்கு, காசு கேட்க முடியும். 22 நிமிடம் வரை ஒன்று, 23 ஆனால் இரண்டு, 38 ஆனால் மூன்று. நாம் இங்கே வலிக்கு மின்சாரம் கொடுக்கும் ஐ.எஃப்.டி. மெஷினை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம், அங்கே அப்படிப் போனால் அந்த நிமிடம் கணக்கில் வராது. 1997-இல் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்தார்கள், 2018-இல் எடுத்தார்கள். எடுத்தும் முழுக்கப் போகவில்லை. 2025-இல் பிசியோவும் பேச்சுப் பயிற்சியும் சேர்ந்து 2,410 டாலரைத் தாண்டினால், இது இன்னும் தேவைதான் என்று பில்லில் தனிக் குறியீடு போட்டு, அதற்கான ஆதாரத்தையும் கோப்பில் வைத்திருக்க வேண்டும். உதவியாளர் செய்த சிகிச்சைக்கு 85 சதவீதம்தான் தருவார்கள். மருமகள் ராத்திரி லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான் இருக்கும்.

இருந்தாலும் நடந்து வருகிற நோயாளிக்கு அங்கே யாரோ ஒருவர் காசு கட்டுகிறார். எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்று அவர் சொன்னால், இருவரும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று அரசு விலை உண்டா?

தனியார் கிளினிக்குக்கு நிர்ணயித்த விலை இல்லை. ஆனால் முதல் நாளே கட்டணத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ’30 சிட்டிங் பேக்கேஜ், இன்றே கட்டினால் தள்ளுபடி’ என்றால் யோசியுங்கள். உங்கள் உடம்புக்கு 30 வேண்டுமா 8 போதுமா என்பது முதல் நாள் எனக்கே தெரியாது. ஐந்து ஐந்தாகக் கட்டுங்கள்.

போச்சம்பள்ளியிலிருந்து: மெழுகு ஒத்தடம் கொடுக்கும் மெஷினை வீட்டுக்கே வாங்கினால் இன்சூரன்ஸில் கிடைக்குமா?

கிடைக்காது. விரல் முட்டி வலிக்கு மெழுகு நல்லதுதான், ஆனால் மெஷின் வாங்காமல் மெழுகைப் பாத்திரத்தில் போட்டு நேரே அடுப்பில் வைத்து உருக்கலாம் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். சுகர் இருந்து கை மரத்துப்போகிறவர் என்றால் மெழுகே வேண்டாம், சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். நேரில் வந்து காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.